பச்சைக்கல்லும் ரகசியத் தந்தியும்

என் உத்தியோகத்தில் எனக்கு வந்த முதல் மெமோ, நான் குடை எடுத்துப் போனதற்காக. இன்றைக்கு எங்கள் ஆபீசுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் குடையைப் புரிந்துகொண்டால்தான் மீதியும் புரியும்.

1. குடை உத்தரவு

வெள்ளைக்காரன் ஆட்சி, யுத்த காலம். ஆவடிப் பக்கம் பொட்டலாகக் கிடந்த இடத்தில் பட்டாளத்து முகாம் ஒன்று வந்திருந்தது. முகாமின் ஒரு மூலையில் வானிலை பார்க்கிற சின்ன ஆபீஸ். அதில் நான் அப்சர்வர். பெயர் கன்னியப்பன், ஊர் பாரிவாக்கம். பூந்தமல்லி ரோட்டில் தினமும் சைக்கிள் மிதித்துப் போய் வருவேன்.

வேலை என்னவோ சின்னதுதான். நாலு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி ஒன்று வெளியில் நிற்கும். பக்கமெல்லாம் காற்றுப் போக சாய்வுப் பலகைகள். அதற்குள் தெர்மாமீட்டர்கள் இருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் அதைப் புறாக்கூண்டு என்றுதான் சொன்னார்கள், கடைசியில் நாங்களும் அப்படியே சொல்லத் தொடங்கினோம். பக்கத்தில் தரையில் மழைமானி. காலை எட்டு மணிக்கு அதில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, இத்தனை இஞ்ச் இத்தனை சென்ட் என்று எழுத வேண்டும். இஞ்சில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்.

யுத்தத்தில் மழையும் ராணுவ ரகசியமாகிவிட்டது. எங்கே மேகம், எங்கே தெளிவு என்று தெரிந்தால் எதிரி விமானத்துக்கு வசதி என்று, பத்திரிகையில்கூட வானிலைச் செய்தி வராது. எங்களுக்கு வருகிற மழை எச்சரிக்கைத் தந்தி வெறும் எண்களாக இருக்கும். அலமாரியில் பூட்டி வைத்த புத்தகத்தை எடுத்து, எண்ணுக்கு எண் பார்த்து வார்த்தையாக்கி, கவரில் போட்டு மேலதிகாரியிடம் கொடுக்க வேண்டும். 'வாயாலோ எழுத்தாலோ ஜாடையாலோ வெளியில் தெரிவிக்க மாட்டேன்' என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தேன். மீறினால் வேலையும் போகும், ஜெயிலும் உண்டு.

நான் சத்தியத்தை மீறவில்லை. ஆனால் தந்தி வருகிற நாளில் குடை எடுத்துப் போவேன். நனைய எனக்கு என்ன தலையெழுத்தா? ரோட்டில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? பருத்திப்பட்டு ஏரியில் துணி துவைக்கிறவர்கள் நான் போவதைப் பார்த்தே துணியை எடுக்கவோ போடவோ ஆரம்பித்தார்கள். வைக்கோல் வண்டிக்காரர்கள் என் சைக்கிளைப் பார்த்துவிட்டு வண்டி கட்டினார்கள். கடைசியில் முகாமுக்குத் துணி வெளுக்கிறவர், மழைக்கு முன்னால் துணி காய்ந்துவிட்ட சந்தோஷத்தில், இதை என் மேலதிகாரியிடமே சொல்லிவிட்டார்.

மேலதிகாரி ஹாரிஸ், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர். எங்களைவிடச் சரளமாகப் பட்டணத்துத் தமிழ் பேசுவார். மெமோவை நீட்டிவிட்டுக் கத்தினார்.

"இன்னா மேன், நீ வேல செய்றது ரகசிய ஆபீஸ்ல. உன் குடை ரோட்ல போற வர்றவனுக்கெல்லாம் தந்தி குட்த்துகினு போவுது!"

"எடுக்கலேன்னா நனைவேனே சார்."

கொஞ்சம் யோசித்தார். கெட்டவர் இல்லை. "அப்ப ஒண்ணு பண்ணு. தெனமும் எடுத்துகினு வா. வெயில்லயும் எடு, மழையிலயும் எடு. தெனமும் எடுத்தா அதுல ஒரு சேதியும் கெடயாது."

அன்றிலிருந்து சித்திரை வெயிலிலும் ஹேண்டில்பாரில் குடை தொங்கும். "அப்சர்வருக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சிபா" என்று ஏரிக்கரையில் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் என் குடையை எவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

2. பெரிய வியாழன்

பாரிவாக்கத்தில் என் சிநேகிதன் ஆரோக்கியம். இருவரும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். ஏரிக்கு மேற்கே அவனுக்குச் செங்கல் சூளை. 'அவனுக்கு' என்று எழுதும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அடுத்தவர் சூளையில் இருபது வருஷம் மண்ணை அச்சில் போட்டுக் கல் அறுத்துவிட்டு, அந்த வருஷம்தான் முதல் தடவையாகத் தன் பேரில் இறங்கியிருந்தான். அவனும் அவன் மனைவி லூர்தம்மாளும் இன்னும் ஐந்து குடும்பமும் தை மாதத்திலிருந்து அறுத்த கல் நாற்பதாயிரம். களம் முழுக்க வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை சூளை அடுக்கி நெருப்பு வைப்பதாக ஏற்பாடு.

நெருப்பு காணாத கல்லுக்குப் பச்சைக்கல் என்று பெயர். எவ்வளவு காய்ந்திருந்தாலும் ஒரு நல்ல மழை போதும், மறுபடி சேறாகிவிடும். அந்தக் கல் கரைந்தால் ஆரோக்கியம் பழையபடி அடுத்தவர் களத்தில் கூலி. அவனை நம்பி வந்த ஐந்து குடும்பத்துக்கும் அதே கதி.

ஈஸ்டர் லீவு பெரிய வெள்ளியிலிருந்து திங்கள் வரை. எனக்கு வெள்ளி, சனி, ஞாயிறு ஓய்வு, திங்கள் காலை டூட்டி. முந்தின நாள் வியாழக்கிழமை மத்தியானம், கிளம்புகிற நேரத்துக்குத் தந்தி வந்தது. எண்களைப் பிரித்து எழுதினேன். வெள்ளி பிற்பகலிலிருந்து திங்கள் வரை, செங்கல்பட்டு ஜில்லாவில் பல இடங்களில் இடியுடன் மழை, கூடவே சூறைக்காற்று, சில இடங்களில் பலத்த மழை. எந்த இடம் என்று இருக்காது. கோடை இடிமழைக்கு அதைச் சொல்ல யாராலும் முடியாது. இந்த ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தூசி பறக்கும்.

கவரை ஹாரிஸிடம் கொடுத்தேன். படித்தார், ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், "சரி, போ மேன்" என்றார். தலைவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாரிவாக்கம் திருப்பத்தில் ஆரோக்கியம் சைக்கிளை மறித்தான். அதற்கு முன் ஒரு நாளும் அவன் என்னிடம் மழை பற்றிக் கேட்டதில்லை. கேட்டால் எனக்குச் சங்கடம் என்று அவனுக்குத் தெரியும்.

"அண்ணாத்தே, ஒரு வார்த்த. நாளிக்குப் பெரிய வெள்ளி. எங்க ஜனம் மண்ண கையால தொடாது. சனிக்கெழம கோயில் வேல, ஞாயித்துக்கெழம திருநாளு. கல்ல மூடணும்னா இப்பவே ஆளுங்கள உக்கார வெச்சிப் பேசணும். மூடினா காயாது, செவ்வாக்கெழம நெருப்பு வெக்க முடியாது. மூடட்டா, உட்டுடட்டா?"

"எனக்குத் தெரியாது ஆரோக்கியம்."

"மானத்துல ஒண்ணும் இல்லியே. நீ குடை வேற வெச்சிகினு கீறே."

"குடை தெனமும்தான் கீது."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்துவிட்டான். "சரி உடு. உன் சோத்துல நான் மண்ணப் போடல" என்று வழிவிட்டான். அவன் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

3. வாயும் கையும்

வெள்ளிக்கிழமை காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பதினொரு மணிக்கு மேற்கே சின்னச் சின்ன மேகம் எழும்பிற்று. பொதியிலிருந்து பஞ்சு பிதுங்குகிற மாதிரி அது மேல்நோக்கி வளர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து களத்துக்குப் போனேன்.

ஒரு ஆள் இல்லை. எல்லாரும் ஊர்க்கோடி மாதா கோயிலில் இருந்தார்கள். பெரிய வெள்ளியும் மறுநாளும் அங்கே மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் மட்டும் காற்றில் வந்துகொண்டிருந்தது. களத்து ஓரத்தில், மழை வந்தால் மூடுவதற்குப் பின்னி வைத்த பனையோலைத் தட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

வாயால் சொல்லக் கூடாது. எழுதக் கூடாது. ஜாடை காட்டக் கூடாது. ஜாடை என்பது யாருக்காவது காட்டுவது. அங்கேதான் யாருமே இல்லையே! இது வக்கீல் பேச்சு என்று எனக்கே தெரியும். தெரிந்துதான் சட்டையைக் கழற்றினேன். நான் இந்து. பெரிய வெள்ளியன்று ஓலை சுமக்க எனக்கு எந்தத் தடையும் கிடையாது. ஒரு தட்டியைத் தூக்கி முதல் வரிசையின் மேல் போட்டு, நாலு மூலையிலும் உடைந்த கல்லை வைத்தேன். பிறகு இரண்டாவது.

மூன்று மணி வழிபாடு முடிந்து அவர்கள் திரும்பியபோது நான் ஒன்பது வரிசை மூடியிருந்தேன். கை இரண்டும் ஓலை கிழித்து ரத்தம். லூர்தம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, மழையா?"

"எனக்குத் தெரியாதுமா."

"தெரியாதவரு எதுக்கு வேட்டிய மடிச்சிக் கட்டிகினு ஓலை சொமக்கிறீங்க?"

"லீவு. பொழுது போவல."

ஆரோக்கியம் அவளைத் தடுத்தான். "அவர ஒண்ணும் கேக்காத" என்றான். பிறகு தன் ஜனங்களிடம் திரும்பி, "மண்ணத் தொடவேணாம். ஓலையத் தொட்டா ஆண்டவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றான். உபவாசம் இருந்த வயிற்றோடு அத்தனை பேரும் வந்தார்கள். பொழுது சாயும்முன் களம் முழுக்க ஓலை.

அன்று ஒரு பொட்டு மழை இல்லை. மேகம் வடக்கே நகர்ந்து போய்விட்டது.

4. மோட்டார் சைக்கிள்

சனிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. செங்கல்காரன் தவம் கிடந்தாலும் கிடைக்காத வெயில். அது அத்தனையும் ஓலைமேல் வீணாகக் காய்ந்தது. இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். காற்றில் விலகிய தட்டிகளை நான் சரிசெய்துகொண்டிருந்தபோது ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. பார்த்தால் ஹாரிஸ். பக்கவண்டியில் மடக்கு நாற்காலிகளும் கலர்க் காகிதத் தோரணமும். பூந்தமல்லியிலிருந்து வாங்கி வருகிறார்.

இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"இன்னா பண்ணிகினு கீறே?"

"லீவு சார். சிநேகிதனுக்கு ஒத்தாசை."

ஆரோக்கியத்தைப் பார்த்துக் கேட்டார். "இவன் உன்கிட்ட இன்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல தொர," என்றான் ஆரோக்கியம். "நான் வாயத் தொறந்து கேட்டேன், அப்பகூட சொல்லல. அதான் பயமா கீது."

ஹாரிஸ் திரும்பிப் போய் வண்டியில் ஏறினார். "திங்கக்கெழம ரீடிங் எடுத்துட்டு என் ரூமுக்கு வா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். வீட்டில் மனைவி குப்பம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதுதான் ரகசியம்.

5. திருநாள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அதே வெயில். இரண்டு மணிக்கு ஆரோக்கியம் புதுச் சட்டையோடு வீட்டுக்கு வந்தான்.

"அண்ணாத்தே, ரெண்டு நாளு வெயில் போச்சி. ஓலைக்கு அடியில கல்லு புழுங்குது. ஆளுங்க என்னைக் கேலி பண்றாங்க. தெறந்துடறேனே?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. எச்சரிக்கை பொய்த்துப்போவது எங்கள் தொழிலில் புதிதில்லை. பொய்த்தால் என் வேலையும் போய், அவன் நெருப்பு வைக்கிற நாளும் போய், ஐந்து குடும்பத்தின் முன்னால் அவன் மானமும் போகும். எல்லாம் என்னால். 'தெற' என்று சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவு நிம்மதி!

எழுந்து அவனோடு களத்துக்கு நடந்தேன். அவன் ஆட்கள் அதற்குள் மேற்குக் கோடியில் இரண்டு வரிசையைத் திறந்து, தட்டிகளைத் தூரத்தில் கொண்டுபோய் அடுக்கியிருந்தார்கள். மூன்றாவதில் கை வைத்தபோது நான் போய்த் தட்டியை வாங்கித் திரும்பவும் மூடினேன். ஒருவன் சிரித்தான். "இன்னா அண்ணாத்தே, கல்லுக்குக் குளுருதா?" நான் கல் தேடி மூலையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்கு மேற்கே கறுத்தது. நாலு மணிக்குக் காற்று. அது காற்றா? ஏரிமண் முழுக்க எழுந்து வந்த மாதிரி ஒரு செம்மண் சுவர் வந்தது. தட்டிகள் எழும்பின. "மேல உக்காரு! எல்லாம் மேல உக்காரு!" என்று லூர்தம்மாள் கத்தினாள். திருநாள் புதுத்துணியோடு ஆணும் பெண்ணும் தட்டிகளின் மேல் கவிழ்ந்து படுத்தார்கள். என்னைக் கேலி செய்தவன் என் பக்கத்துத் தட்டியில் குப்புறக் கிடந்தான். மழை முதுகில் கல்லடி மாதிரி விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குமேல் அப்படியே கிடந்தோம்.

விட்டதும் எழுந்து பார்த்தோம். திறந்து கிடந்த இரண்டு வரிசை இருந்த இடத்தில் சேறு. மீதி அத்தனையும் நின்றது. மேல்கல் மட்டும் கொஞ்சம் இளகியிருந்தது. ஆரோக்கியம் ஒரு கல்லைத் தூக்கி விரலால் தட்டிப் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது, மழைத் தண்ணீரில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் குப்பம்மா வாசலில் நின்றாள். மத்தியானம் அவள் முற்றத்தில் பிழிந்து வைத்த வருஷத்து வடாம் பூராவும் கூழாகி ஓடிக்கொண்டிருந்தது. சத்தியமாக எனக்கு அது ஞாபகமே இல்லை.

"ஊரு கல்லுக்கெல்லாம் ஓலை போட்டியே, ஊட்டு வடாத்துக்கு ஒரு துணி போட்டியா?"

யுத்தம் முடிகிறவரை எங்கள் வீட்டில் நான் சாப்பிட்ட ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இந்தக் கேள்வி தொட்டுக்கொள்ள இருந்தது.

6. திங்கள்கிழமை

காலை எட்டு மணி. மழைமானியில் இரண்டு இஞ்ச் பதினெட்டு சென்ட். எழுதிவிட்டு ஹாரிஸ் அறைக்குப் போனேன். மேஜையில் ஒரு காகிதம். என் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. என்மேல் ரிப்போர்ட். சனிக்கிழமையே எழுதிவிட்டார், லீவானதால் தபாலில் போகவில்லை.

"எத்தன கல்லு போச்சி?" என்றார்.

எதிர்பார்க்காத கேள்வி. "ரெண்டு வரிச சார். மிச்சம் நிக்குது."

தலையாட்டினார். "நேத்து நாலு மணிக்கு என் பொண்ணுக்கு நிச்சயதார்த்த டீ. குவார்ட்டர்ஸ் முன்னால புல்தரையில. நாப்பது பேரு. வியாழக்கெழமயே எனக்குத் தெரியும்."

"உள்ள ஹாலுக்கு மாத்தியிருக்கலாமே சார்?"

"ஏன் மாத்தறேன்னு கேப்பாங்க. பாதிப் பேரு வெளியாளு. மிஸ்ஸஸ்கிட்டகூட சொல்லல. கேக்கு கரைஞ்சி ஓடிச்சி மேன். பொண்ணு அந்த வெள்ள டிரஸ்ஸோட மழையில நின்னுகினு என்னையே பார்த்தா. நான் வானிலை அதிகாரி." கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ சொல்லாம செஞ்சே. நான் சொல்லவும் இல்ல, செய்யவும் இல்ல. யாரு சரி?"

சட்டத்தைப் பார்த்தால் அவர் சரி. அதற்காக அவர் கொடுத்த விலையை நினைத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரிப்போர்ட்டை நாலாக மடித்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பிறகு பழைய அதிகாரக் குரலில் சொன்னார்: "உத்தரவு ஒண்ணு கீது, கேட்டுக்கோ. இனிமே லீவு கெடைக்கிறப்பல்லாம் அந்தச் சூளைக்குப் போ. மழை இருந்தாலும் போ, இல்லாட்டியும் போ. எப்பவும் போறவன் போனா அதுல ஒரு சேதியும் கெடயாது."

அந்த யுத்தம் முடிகிறவரை என் லீவு நாளெல்லாம் செங்கல் களத்தில் கழிந்தது அப்படித்தான். கல் அறுக்கவே கற்றுக்கொண்டேன்.

சூளை செவ்வாய்க்கிழமை எரியவில்லை. பத்து நாள் தள்ளி எரிந்தது. வெந்து ஆறியதும் ஆரோக்கியம் எட்டுக் கல்லைத் துணியில் சுற்றி முகாம் வாசலுக்கே கொண்டுவந்தான். எங்கள் மழைமானி மண் இறங்கிச் சாய்ந்துகொண்டிருந்த சமயம். ஹாரிஸ் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் கற்களை வாங்கி அதற்கு அடியில் மேடை கட்டச் சொன்னார். எட்டும் மேல்வரிசைக் கல். மழையில் இளகியபோது ஓலை அழுந்தி, பின்னல் அப்படியே பதிந்து வெந்திருந்தது.

பிற்காலத்தில் நானே முன்னறிவிப்பு எழுதுகிற நாற்காலிக்கு வந்தேன். விடுமுறை நாட்களுக்கு எழுதும்போது மட்டும் இரண்டு தடவை படித்துப் பார்ப்பேன். 'ஓரிரு இடங்களில் இடியுடன் மழை' என்று எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகும். ஆனால் அந்த ஓரிரு இடத்தில் எவனோ ஒருவன் வருஷத்து உழைப்பையெல்லாம் வெயிலில் பரப்பிவிட்டு, நான் என்ன எழுதப்போகிறேன் என்று காத்திருப்பான். அவனிடம் 'எனக்குத் தெரியாது' என்று பொய் சொல்ல வேண்டாத ஒரு காலத்தில் நீங்கள் வேலைக்கு வந்திருக்கிறீர்கள் பிள்ளைகளே. தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.